சாகிறவர் பக்கத்தில் உட்காரப் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். வாட்டில் வேலை செய்யும் தாதியர், குடும்ப நல உத்தியோகத்தர்கள், தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர்கள், எப்போதாவது ஒரு டொக்டர். எல்லோருக்கும் பொதுவான ஒன்று, மரணப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. நான் 20 வருடத்துக்கு மேல் வாட்டில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவள். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் அநேகமாக ஒரே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது என்ன பயிற்சி? தியான கிளாஸ்தானே?

பாதி சரி. அரைமணி நேரம் பேசாமல் உட்காருவோம். அப்புறம் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்பார். கடைசியில் யாராவது ஒருவர், அந்த மாதம் தன் மனதை விட்டுப் போகாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். பெயர், ஊர், வாட்டு எதுவும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

நோக்கம் மன அமைதி இல்லை. சாகப்போகிறவரின் கட்டிலருகில் ஓடாமலும் உறைந்துபோகாமலும் இருக்கப் பழகுவது. நரம்பில் மருந்து ஏற்றும் கெனுலா ஊசியைப் போட நாம் எப்படிப் பழகினோம்? முதலில் பொம்மைக் கையில், அப்புறம் சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, அப்புறம் தனியாக. ஆனால் "நான் செத்துடுவேனா மிஸ்?" என்று கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க யாரும் நமக்குப் பழக்கவில்லை. அன்று கையில் டிரே இருந்தால் டிரேயைப் பார்ப்போம், சேலைன் போத்தலைத் தட்டுவோம், "அப்பிடியெல்லாம் பேசக் கூடாது ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் நகர்ந்தேன்.

வெளிநாட்டுச் சரக்கா? யாரு கண்டுபிடிச்சது?

ஒருவர் என்று சொல்ல முடியாது. தாதியாகவும் சமூக சேவையாளராகவும் இருந்து, பிறகு டொக்டராகவும் படித்த சிசிலி சோண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற, சாகிறவர்களைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸைத் திறந்தார். சாகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்து வலிக்கிறது என்று சொன்னவர் அவர்தான். 1979இல் ஜோன் கபட்-சின் அமெரிக்காவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தியான வகுப்பை நோயாளிகளுக்காக ஆரம்பித்தார். பராமரிப்பவர்களுக்கென்றே ஒரு பயிற்சியை 1990களில் இருந்து வளர்த்தவர் ஜோன் ஹலிஃபக்ஸ். மானுடவியல் படித்த சென் பௌத்தத் துறவி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாந்த ஃபே நகரில் உபாயா என்ற மையத்தை நடத்தினார். நாங்கள் செய்வதில் பெரும்பகுதி அவர் வழி.

ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடப்பதை நடக்கிறபடியே, ஒட்டுப்போடாமல் கவனிப்பது என்று மேற்கு நாட்டுக்காரர்களுக்கு எளிமையாக எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஞானபோனிக தேரர். ஜெர்மனியில் பிறந்து 1936இல் இலங்கையில் துறவியானவர், 1994இல் காலமாகும்வரை கண்டி உடவத்தக்கலைக் காட்டு ஆசிரமத்தில் இருந்தவர். கலஹா பக்கம் நிலாம்பையில் கொட்வின் சமரரத்ன 2000 வரை தியானம் சொல்லிக் கொடுத்தார், அவரைத் தேடியும் எத்தனையோ வெள்ளைக்காரர்கள் மலையேறி வந்தார்கள். அதனால் இது வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்வதைவிட, நம்ம மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்றிவிட்டு வந்த சரக்கு என்று சொல்லலாம்.

நாங்க சைவம், கூட வர்ற அக்கா வேதம் (கிறிஸ்தவம்). புத்த சமயத்துக்கு இழுக்கிற வேலை இல்லையே?

இல்லை. எங்கள் வட்டத்தில் திருநீறு பூசியவர், செபமாலை வைத்திருப்பவர், தொழுகைக்கு எழுந்து போகிறவர் எல்லோரும் உண்டு. உட்காரும் நேரத்தில் ஒருவர் பஞ்சாட்சரம் சொல்வார், இன்னொருவர் மூச்சைப் பார்ப்பார். யார் எதைச் சொல்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கவனம் ஓரிடத்தில் நிற்கிறதா, அலைந்தால் திரும்புகிறதா, அதுதான் விஷயம்.

மூலம் எங்கே என்பதை மறைக்கவும் மாட்டேன். பெரும்பகுதி பௌத்தத்திலிருந்து வந்தது. வயிற்றோட்டத்தில் கிடந்த ஒரு பிக்குவை யாரும் பார்க்காமல் விட, புத்தரே தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவரைக் கழுவிக் கிடத்தினார் என்று ஒரு பழைய கதை. எனக்குப் பணி செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று அப்போது சொன்னாராம். அதைக் கேட்டு மதம் மாறத் தோன்றாது, அந்தப் பிக்குவின் பெட்ஷீட்டை யார் மாற்றியது என்று மிஸ்ஸிமாருக்கு யோசனை வேண்டுமானால் போகும்.

வாட்டுல ரெண்டே மிஸ்ஸி. கண்ண மூடி உக்கார எங்க நேரம்?

வாட்டில் கண்ணை மூட வேண்டாம், தயவுசெய்து. கைகழுவும் பேசின் போதும்.

சவர்க்காரம் போட்டுக் கைகழுவ 40 முதல் 60 செக்கன் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அந்த நேரம் ஏற்கெனவே நமக்குக் கொடுக்கப்பட்டது, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஹலிஃபக்ஸின் ஐந்து படிகளை நான் அந்தப் பைப்படியில்தான் செய்து பழகினேன். தண்ணீர் கையில் படும்போது, நுவரெலியாப் பக்கத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியுமே, சுரீரென்று ஏறும். கவனம் தானாகக் கைக்கு வந்துவிடும். அது முதல் படி. சவர்க்காரம் தேய்க்கும்போது, நான் இப்போது யாரிடம் எதற்காகப் போகிறேன் என்று ஒருமுறை நினைப்பது இரண்டாவது. விரலிடுக்குகளைத் தேய்க்கும்போது முதலில் என்னைப் பார்ப்பேன். தாடை இறுகியிருக்கிறதா, முந்தின கட்டிலில் வாங்கிய ஏச்சு இன்னும் நெஞ்சில் நிற்கிறதா? அப்புறம் திரும்பி, போகப்போகும் கட்டிலைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை. இது மூன்றாவது. கையைத் துடைக்கும்போது, இவருக்கு இந்த நிமிடத்தில் எது உதவும் என்று யோசிப்பது நான்காவது. பல நாள் கிடைக்கும் பதில் ரொம்பச் சின்னதாக இருக்கும்: தலையணையைத் திருப்பு, ஜன்னலைச் சாத்து. ஐந்தாவது, போய்ச் செய்வது, செய்து முடிந்ததும் முடிந்தது என்று மனதில் ஒரு முற்றுப்புள்ளி வைப்பது.

இந்த ஐந்தாவதில்தான் நாம் எல்லோரும் கோட்டை விடுகிறோம். மூன்றாம் கட்டிலை ஆறாம் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போவோம், ஆறையும் சேர்த்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம்.

மூச்சைக் கவனிச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது. நான் லாயக்கில்லையா?

லாயக்கு இல்லாதது அந்த முறைதான், நீங்கள் இல்லை. மண்சரிவில் வீட்டை இழந்தவர், அடி வாங்கி வளர்ந்தவர், மூச்சுத் திணறிச் செத்த ஒருவரைக் கிட்ட இருந்து பார்த்தவர், இப்படிச் சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைப் பார்த்தால் பயம்தான் வரும். கண்ணைத் திறந்து வையுங்கள். கவனத்தைப் பாதத்துக்குக் கொண்டு போங்கள், சிமெந்துத் தரையின் குளிர் போதும். அல்லது வெளியே மழைச் சத்தத்தைக் கேளுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றுங்கள், எங்களுக்கும் சேர்த்து. இரவில் தூக்கமில்லாமல், பழையது திரும்பத் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்தால், இந்த வட்டம் போதாது. மனநல கிளினிக்குக்குப் போக வேண்டும். நோயாளிக்கு நாம் அதைத்தானே சொல்வோம்.

நோயாளி முன்னால அழுகை வந்துட்டா?

வரட்டும். கண் கலங்கினதால் எந்த நோயாளியும் குறைந்து போனதில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்களை அவர் தேற்ற வேண்டிய நிலை வரக் கூடாது. அந்த அளவுக்கு வந்தால் "இதோ வர்றேன்மா" என்று சொல்லிப் போய், கைகழுவி, திரும்பி வாருங்கள். திரும்பி வருவது முக்கியம். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், நெஞ்சு இளகியிருக்கட்டும் என்பது ஹலிஃபக்ஸ் அடிக்கடி சொல்வது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இரண்டுமே இறுகியிருக்கும், மிச்சப் பேருக்கு இரண்டுமே இளகியிருக்கும்.

இரக்கப்பட்டு இரக்கப்பட்டுத்தானே நான் இப்பிடி ஆனேன். இன்னும் இரக்கப்படச் சொல்றீங்களா?

நல்ல கேள்வி, நான் முதலில் கேட்டதும் இதைத்தான். இரக்கம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கிறது. அவர் வலியை என் வலியாகவே வாங்கிக்கொண்டு துடிப்பது ஒன்று. அவருக்கு வலிக்கிறது, நான் அருகில் இருந்து ஏதாவது செய்கிறேன் என்று அவர் பக்கம் திரும்புவது இன்னொன்று.

ஜெர்மனியின் லைப்சிக்கில் தானியா சிங்கரும் ஒல்கா கிளிமெக்கியும் மற்றவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். துன்பப்படுபவர்களின் வீடியோக்களைக் காட்டி, முதலில் மற்றவர் உணர்வை அப்படியே உணரும் பயிற்சி கொடுத்தபோது, பார்த்தவர்களின் மனக்கஷ்டம் கூடியது. பிறகு அவர்களுக்கே கருணைப் பயிற்சி கொடுத்தபோது அந்தக் கஷ்டம் இறங்கி, நல்ல உணர்வு ஏறியது. மூளையில் வேலை செய்த இடங்களும் வேறு வேறு. இந்த ஆய்வு 2014இல் வெளியானது. கிணற்றில் விழுந்தவனைப் பார்த்துத் தானும் குதிப்பவன் ஒருத்தன், கயிறு போடுகிறவன் ஒருத்தன். கயிறு போடுகிறவனுக்கும் மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் அவன் கால் தரையில் இருக்கும். சனிக்கிழமைகளில் "நீ நல்லா இரு, உனக்கு வலி குறையட்டும்" என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது அந்தக் காலை ஊன்றத்தான். முதல் இரண்டு மாதம் எனக்கு அது வெறும் வாய்ப்பாடு மாதிரித்தான் இருந்தது.

தியானம் பண்ணா வலி குறையும்னு நோயாளிக்கும் சொல்லிக் கொடுக்கலாமா?

முதலில் மருந்து. புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்தைக் கூட்டிக்கொண்டு போய், தேவைப்பட்டால் மோர்பின்வரை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டி வெளியிட்டது 1986இல். மோர்பின் என்றதும் "அது கடைசி மருந்து, கொடுத்தா போயிடுவாங்க" என்று சனங்கள் மட்டும் இல்லை, நம்மவர்களில் சிலரும் நம்புகிறார்கள். வலிக்கு ஏற்ற அளவில் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மோர்பின் ஆளைக் கொல்வதில்லை. வலியில் முறுக்கிக்கொண்டு கிடப்பவரிடம் போய் மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்வது பாவம்.

வலி அடங்கின பிறகு, அவர் விரும்பினால் சேர்ந்து மூச்சு விடலாம், சேர்ந்து கும்பிடலாம். இந்தப் பயிற்சி நமக்கு. அவருக்கு நாம் கொடுப்பது, பயிற்சி எடுத்த நம்மை.

கடைசியில தொண்டை கரகரன்னு இழுக்குமே, அதைக் கேட்டுக்கிட்டு எப்பிடி உக்கார்றது?

தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும். விழுங்க முடியாததால் எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்கி, மூச்சு அதன் வழியாகப் போகும் சத்தம் அது. அநேகமாக அந்த நேரத்தில் அவர் நினைவில்லாமல் இருப்பார், கேட்கிற நமக்குத்தான் அது கொடுமை. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் பலருக்குக் குறையும், மருந்தும் உண்டு. மூச்சு வேகமாகி, மெதுவாகி, அரை நிமிடம் நின்று, மறுபடி ஆரம்பிப்பதும் இப்படித்தான். கைகால் குளிர்ந்து முழங்காலில் நீலத் திட்டுகள் வரும். வீட்டாருக்கு இதை முன்னாலேயே சொல்லிவிட்டால், பதறி வாட்டு முழுக்க ஓடமாட்டார்கள்.

உட்காரும்போது கையை அவர் கைக்கு மேலே வைக்காதீர்கள், கீழே வையுங்கள். மேலே வைத்தால் அமுக்குவது மாதிரி. கீழே வைத்தால் வேண்டாம் என்றால் அவர் எடுத்துக்கொள்ளலாம். பேசுங்கள். கனடாவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கடைசி மணித்தியாலங்களில் எந்த அசைவும் இல்லாமல் கிடந்த சிலரின் மூளை, சத்தங்களுக்குப் பதில் காட்டியது. புரிந்துகொண்டார்கள் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் கட்டிலுக்கு மேலால் நின்று காணிச் சண்டையும் ஆஸ்பத்திரிக் கணக்கும் பேசாமல் இருக்க இது போதுமான காரணம்.

சொந்தக்காரங்க பால் ஊத்தணும்னு நிக்கிறாங்க. விடுறதா, தடுக்கிறதா?

மலையகத்தில் இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நினைவில்லாதவரின் வாயில் கரண்டியால் பாலை ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும், புரை ஏறும், கடைசி நிமிடம் இருமலில் போகும். அதற்காக "ஊத்தக் கூடாது" என்று கத்தினால், பெற்ற தகப்பனுக்குப் பால் ஊற்றவிடாத ஆஸ்பத்திரி என்று அந்த மகன் சாகும்வரை சொல்லுவான்.

ஒருமுறை ஒரு தாத்தாவின் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர், மூத்த மகள் கையில் தம்ளர். எனக்கு "வேண்டாம்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மேலே பேசினைப் பற்றிச் சொன்னேனே, அதில் நான்காவது படி, எது உதவும்? பஞ்சை எடுத்து அந்தப் பாலில் தோய்த்துப் பிழிந்து மகளிடம் கொடுத்தேன். "உதட்டுல தடவுங்கக்கா, அவரு நாக்குக்குத் தெரியும்." ஒவ்வொருவராக வந்து தடவினார்கள். காய்ந்து வெடித்த உதட்டுக்கு அது வாய்ப் பராமரிப்பும் ஆச்சு. அன்றிலிருந்து டிரேயில் பஞ்சு இரண்டு சுருள் கூடுதலாக வைப்பேன்.

"அப்பாவுக்குச் சொல்லிறாதீங்க மிஸ்"ன்னு பிள்ளைகள் கெஞ்சுறாங்க. அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேக்குறாரு. என்ன பண்றது?

நோயை அறிவிப்பது டொக்டரின் வேலை, அதை நீங்கள் தனியாகத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் கேள்வி உங்களிடம்தான் வரும், அதுவும் இரவு டியூட்டியில். பொய் சொல்லாதீர்கள், அவசரப்பட்டு உண்மையையும் கொட்டாதீர்கள். "ஐயா என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பயிற்சியில் நாங்கள் அதிகம் பழகுவது அந்தப் பேசாமல் இருப்பதைத்தான். பத்து செக்கன் மௌனம் பத்து நிமிடம் மாதிரி இருக்கும். பெரும்பாலும் அந்தப் பத்து செக்கன் முடியும்போது அவரே சொல்லிவிடுவார், அவருக்கு எல்லாம் தெரியும் என்று. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் போய்வந்த மனுசனுக்குத் தெரியாதா?

அப்புறம் அவர் கேட்பது வேறாக இருக்கும். சின்ன மகள் கல்யாணம், சேமலாப நிதிக் காசு, லயத்துக் காம்பரா யார் பேருக்குப் போகும். பிள்ளைகளிடம் "அப்பா பேச ஆசைப்படுறாரு, நான் எதுவும் சொல்லல" என்று மறுநாள் சொல்லலாம். டொக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

வீட்டுல, லயத்துல வச்சுப் பாக்குறவங்ககிட்டப் போறோம். 10க்கு 12 அடி காம்பராவுல என்ன தியானம்?

ஆறு பேர், ஒரு அடுப்பு, புகை, பக்கத்துக் காம்பராவில் டீவி, நடுவில் ஒரு பாயில் அப்பாயி. இந்த நிலைமைக்கென்று எந்த நாட்டுக்காரனும் பாடம் எழுதவில்லை. எங்கள் வட்டத்துக் குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர் கண்டுபிடித்தது இது: பேசின் இல்லாத இடத்தில் இஸ்தோப்புதான், அதாவது வாசல் திண்ணைதான், பேசின். செருப்பைக் கழற்றும் அந்த நேரத்தில் ஐந்து படிகளையும் முடித்துவிடுவாராம். உள்ளே போனதும் நாற்காலி தேடமாட்டார், பாயில் அப்பாயியின் முகத்துக்கு நேராக உட்காருவார்.

இன்னொன்று. அங்கே உண்மையான பராமரிப்பாளர் நாம் இல்லை, மருமகள். கொழுந்து எடுக்க மலைக்குப் போகாவிட்டால் அவருக்கு அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போகும். போனால் "மாமியாரைப் போட்டுட்டுப் போயிட்டா" என்று லயமே பேசும். அவரிடம் ஐந்து நிமிடம் "நீங்க தூங்கினீங்களா?" என்று கேட்டு, பதிலையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். இருந்தும் என்ன பிரயோசனம்? *(சிங்களச் சகோதரி ஒருவர் கேட்டது)*

"வலிக்குதா", "எங்க", "தண்ணி வேணுமா", "நான் இருக்கேன்". இந்த நாலும் போதும், மிச்சத்துக்குக் கை இருக்கிறது. எங்கள் வட்டத்தில் இவர்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகக் கேட்பவர், ஏனென்றால் புரிந்துகொள்ள முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவது, நோயை விளக்குவது என்றால் மட்டும் நல்ல தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். வாட்டில் இருக்கும் யாரோ ஒருவரின் பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

நம்ம சாவை நாமே நினைக்கிற பயிற்சி இருக்காமே. அபசகுனம் இல்லையா?

இருக்கிறது. வங்காளத்தில் பிறந்து 11ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குப் போன அதீசர் என்ற துறவியின் பெயரில் வழங்கும் ஒன்பது சிந்தனைகள். சாவு நிச்சயம், எப்போது என்பது நிச்சயமில்லை, அந்த நேரத்தில் காசோ சொந்தமோ உடம்போ துணைக்கு வராது. இந்த மூன்றையும் மும்மூன்றாகப் பிரித்தது. ஹலிஃபக்ஸும் இதைச் சொல்லிக் கொடுப்பவர்தான். நம் ஆட்களுக்கு இதில் புதிதாக என்ன? கேத வீட்டு ஒப்பாரியில் ஆயாமார் காலங்காலமாகச் சொல்வதுதான், தப்பு மேளச் சத்தம் மட்டும்தான் குறை.

ஆனாலும் எல்லோருக்கும் எல்லா நேரமும் ஏற்றதில்லை. வயிற்றில் பிள்ளை இருப்பவர், இப்போதுதான் ஒருவரைப் பறிகொடுத்தவர், மனம் சோர்ந்திருப்பவர் விலகி உட்காரலாம். நான் கட்டாயப்படுத்துவதில்லை. செய்து பார்த்த பலருக்குப் பயன் ஒன்றுதான்: தன் சாவை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர், மற்றவர் சாவைப் பார்க்கும்போது பேச்சை மாற்றுவது குறைகிறது.

ஒருத்தர் போனதும் கட்டிலைத் துடைச்சு அடுத்தவரைப் போட்டுடுறோம். மனசு ஒரு மாதிரி இருக்கு.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதியாக இருந்த ஜொனதன் பார்ட்டெல்ஸ் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். மரணம் உறுதியானதும் அங்கே நிற்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் போலப் பேசாமல் நிற்பது. பிரார்த்தனை இல்லை, உரை இல்லை. இவர் யாரோ ஒருவரின் ஆள், நாமும் நம்மால் முடிந்ததைச் செய்தோம், அவ்வளவுதான். நாங்கள் அதைச் சுருக்கி, திரையை இழுத்த பிறகு மூன்று மூச்சு என்று வைத்திருக்கிறோம். முதலில் சிரித்தவர் அட்டெண்டன் அண்ணன்தான். இப்போது நாங்கள் மறந்தால் ஞாபகப்படுத்துகிறவரும் அவர்தான்.

மேல உள்ளவங்க இதைச் சாட்டு வச்சு "தியானம் பண்ணுங்க, ஆள் கேக்காதீங்க"ன்னு சொன்னா?

சொல்லியிருக்கிறார்கள். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. அண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்கர் 1984இல் தாதியர் படும் ஒரு தனி வேதனைக்குப் பெயர் வைத்தார்: எது சரி என்று தெரியும், ஆனால் நிறுவனம் அதைச் செய்ய விடாது. அறம் சார்ந்த வேதனை என்று சொல்லலாம். மருந்து முடிந்துவிட்டது, அம்புலன்ஸ் இல்லை, இரவில் ஒரே ஆள். இதெல்லாம் மூச்சைக் கவனித்தால் தீராது. எழுத்தில் கொடுக்க வேண்டும், கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும், சங்கத்திடம் போக வேண்டும். இலங்கைக்கு 2019 முதல் 2023வரை நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கென்று ஒரு தேசிய திட்டச் சட்டகமே இருந்தது. அதனால் நாம் கேட்பது ஒன்றும் ஆடம்பரம் இல்லை.

பயிற்சி இதில் உதவுவது ஒரே ஒரு வகையில். கோபத்தில் குரல் நடுங்காமல் கேட்கலாம். சில சமயம் நடுங்கட்டும் என்றும் தோன்றும்.

"சீக்கிரம் போயிடட்டும்"னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். நான் கெட்டவளா?

இதைக் கேட்டவர் கூட்டத்தில் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

கெட்டவள் இல்லை. இந்த வேலையில் இருந்துவிட்டு அப்படி நினைக்காத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த நினைப்பில் இரண்டு கலந்திருக்கும்: அவர் படும் பாடு முடியட்டும் என்பது ஒன்று, அதைப் பார்க்கும் என் பாடு முடியட்டும் என்பது இன்னொன்று. எது எவ்வளவு என்று அந்த நேரத்தில் பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். நினைப்பு வந்தது என்று தெரிந்தால் போதும். அதற்காக அந்தக் கட்டிலுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறோமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எனக்கு அப்படி வந்தது ஒரு மழை நாள் விடியற்காலை, கொழுந்து எடுத்தே கை மரத்துப்போன ஒரு அம்மாவின் கட்டிலருகில். முனகிக்கொண்டே இருந்தார். முருகா, எடுத்துக்கோ என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் வெட்கம் வந்து நகரப் பார்த்தேன், பிறகு நின்றேன். ஏன் இந்த நேரத்தில் இவ்வளவு முனகல் என்று சீட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மோர்பின், கடைசியாகக் கொடுத்து ஆறு மணித்தியாலம் கடந்திருந்தது.